கோவேறு கழுதைக்காரனின் சான்றிதழ்

1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் பெய்ஜிங்கில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் பள்ளிக்கூடப் பாடமாகிப் போனது முகவுரை மட்டும்தான். பஞ்சசீலம் என்று மனப்பாடம் செய்த ஐந்து கொள்கைகளும் அங்கேதான் இருக்கின்றன. முகவுரையைத் தாண்டி உள்ளே போய்ப் படித்தவர்கள் குறைவு. உள்ளே இருப்பதெல்லாம் சந்தை, கணவாய், சுமைதூக்கி, கோவேறு கழுதை. இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே நடந்து போகிறவர்கள் கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும் என்பதை 5-ஆம் விதி ஆளுக்கு ஆள் வகை பிரித்துச் சொல்கிறது. எல்லை மாவட்டத்துக் குடிகள் சில்லறை வியாபாரத்துக்கோ உறவினர், நண்பர்களைப் பார்க்கவோ மறுபுறம் போனால் பாஸ்போர்ட், விசா, அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். இதுவரை எப்படிப் போனார்களோ அப்படியே போகலாம். சுமைதூக்கிகளுக்கும் கோவேறு கழுதை ஓட்டிகளுக்கும் பாஸ்போர்ட் தேவையில்லை. உள்ளூர் நிர்வாகம் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ் போதும். யாத்திரிகர்களுக்கு அதுவும் வேண்டாம். எல்லைச் சாவடியில் பெயரைப் பதிந்து, அங்கேயே யாத்திரை அனுமதியை வாங்கிக்கொண்டு கைலாயத்தைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

இந்த விதியைப் படிக்கிறவர்களுக்கு ஒரு பெருமூச்சு வருவது இயல்பு. காகிதமே இல்லாத பொற்காலம் ஒன்று இருந்தது, 1962-இல் போர் வந்து அதைக் கெடுத்தது என்பதாகத்தான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். இமயத்தின் கணவாய்களில் நடப்பவனை யாரும் விசாரிக்காமல் விட்ட காலம் எதுவும் இருந்ததில்லை. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வி எப்போதும் கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில்தான் மாற்றம். ‘இவன் இன்னான், எங்களுக்குத் தெரிந்தவன்’ என்று சொல்லும் வாய் பள்ளத்தாக்கிலிருந்து தலைநகருக்கு இடம்பெயர்ந்தது. அந்த இடப்பெயர்ச்சி தொடங்கியது போரில் அல்ல. பழைய வழக்கத்தைக் காப்பாற்றுவதாக எழுதப்பட்ட இந்தச் சலுகை விதியிலேயே அதன் விதை இருக்கிறது.

பழைய வழக்கம் எப்படி இயங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றைய உத்தராகண்டின் பியான்ஸ், சௌதான்ஸ், தார்மா, ஜோஹார், நீதி, மானா பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மக்களை ஆங்கிலேயர் மொத்தமாக போட்டியா என்று எழுதினார்கள். அவர்களில் பலர் தங்களை ரங், சௌகா என்று சொல்லிக்கொள்கிறார்கள். கோடையில் பனி உருகியதும் செம்மறி ஆடு, வெள்ளாட்டின் முதுகிலே சிறு பைகளைக் கட்டி, தானியமும் வெல்லமும் துணியும் ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறுவார்கள். திரும்பி வரும்போது அதே பைகளில் உப்பும் கம்பளியும் வெங்காரமும் இருக்கும். சந்தையில் யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் திபெத்தில் ஒரு கூட்டாளிக் குடும்பம் உண்டு. ‘மித்ரா’ என்று பேர். அந்த உறவு அப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்துப்போல வந்தது. உடன்படிக்கை செய்யும்போது ஒரு கல்லை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள். என் பாதியும் உன் பாதியும் பொருந்தினால் நீ நீதான். புகைப்படமும் முத்திரையும் வருவதற்கு முந்தைய அடையாள அட்டை என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். கள்ளத்தனமாகச் செய்வதும் சுலபமல்ல. ஒவ்வோர் ஆண்டும் கணவாய் திறப்பதற்கு முன் திபெத்திய அதிகாரியின் ஆள் இந்தப் பக்கம் இறங்கி வந்து, ஊரில் கொள்ளைநோய் உண்டா, கால்நடைக்குச் சீக்கு உண்டா என்று விசாரித்துப் போனதும் உண்டு. ஊரார் சொன்ன சொல்லை நம்பித்தான் வழி திறந்தது. ஆக, சோதனை இருந்தது, சான்றும் இருந்தது. சான்றளித்தது ஊர்.

இந்த ஏற்பாடு எவ்வளவு கறாரானது என்பதை, அதை ஏமாற்ற முயன்றவர்களின் கதைகளில்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது. 1812-இல் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியும் அவரோடு சென்ற ஹியர்சியும் நீதிக் கணவாய் வழியாக மானசரோவர் போனார்கள். அவர்கள் போலிக் கடிதம் எதையும் தயாரிக்கவில்லை. கோசாயி சந்நியாசிகளாக வேடம் கட்டினார்கள். வணிகமும் யாத்திரையும் கலந்து நடத்திய கோசாயிகள் அந்தப் பாதையில் தெரிந்த முகம். 1865-இல் ஆங்கிலேய நில அளவைத் துறை ஜோஹார் பள்ளத்தாக்கின் நயின் சிங்கை லாசாவுக்கு அனுப்பியது. 108 மணிகள் இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணிகளைக் கோத்து, நடையை எண்ணிக்கொண்டே போனவர் அவர். நேபாளம் வழியாகப் போன முதல் முயற்சியில், பஷஹர் நாட்டு வியாபாரி, குதிரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கீரோங்கை அடைந்தார். அங்கே அதிகாரிகள் நம்பவில்லை. பஷஹர்க்காரன் குதிரை வாங்க இந்த வழியாக ஏன் வருகிறான் என்பதே அவர்களுடைய சந்தேகம். இன்றைய குடிவரவு அதிகாரி பார்ப்பது காகிதத்துக்கும் முகத்துக்கும் பொருத்தம். அன்றைய அதிகாரி பார்த்தது உடை, பேச்சு, சரக்கு, பருவம், வழி எல்லாவற்றுக்கும் பொருத்தம். பின்னதை ஏமாற்ற நயின் சிங் போன்ற உள்ளூர்க்காரர்தான் தேவைப்பட்டார். 1900-இல் மானசரோவரையும் கைலாயத்தையும் கண்டு, மறு ஆண்டு லாசா சேர்ந்த ஜப்பானியத் துறவி எகாய் கவாகுச்சியும் சீனராகவும் திபெத்தியராகவும் மாறி மாறித்தான் அங்கே காலம் தள்ளினார்.

யாத்திரிகர்களின் நிலை சற்று வேறு. அவர்களுக்குத் திபெத்தில் மித்ரா கிடையாது, ஊர் சாட்சியும் கிடையாது. காவியும் கமண்டலமுமே சாட்சி. அதனால்தான் ஒற்றர்களுக்கு அந்த வேடம் அவ்வளவு வசதியாக இருந்தது. நம் பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டு கைலாயம் நோக்கிப் போகிறார். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து ஏறுகிறார். இருவரையும் நிறுத்தி ‘யார்?’ என்று கேட்கும் அதிகாரியைச் சேக்கிழார் படைக்கவில்லை. உமையும் சிவனும்தான் விசாரிக்கிறார்கள். புராணத்துக்கு வெளியே, சாமானிய யாத்திரிகர் போட்டியா வணிகர்களின் மந்தையோடு சேர்ந்துதான் கணவாய் கடந்தார். கொள்ளைக்காரர் பயம் ஒரு காரணம். தெரிந்தவர்களோடு வருகிறவன் என்ற மதிப்பு இன்னொரு காரணம். அதாவது யாத்திரிகனுக்கும் ஒரு வகையில் அந்தப் பள்ளத்தாக்கே ஜாமீன் நின்றது.

இந்தப் பின்னணியில் 1954-க்கு வருவோம். யாத்திரிகரிடம் சான்று கேட்க வேண்டாம் என்று எழுதியது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உணர, அன்றைய இந்தியாவில் பாஸ்போர்ட் என்பது என்ன என்று தெரிய வேண்டும். 1920-ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவுக்குள் நுழைகிறவர்களைப் பற்றியது. வெளியே போகிறவருக்குப் பாஸ்போர்ட் தருவதை முறைப்படுத்தும் சட்டமே நாட்டில் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டமில்லாமல் அதைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் பாஸ்போர்ட் கட்டாயம் என்று எழுதியிருந்தால், திருவோடு ஏந்திய சாது ஒருவர்கூட லிபுலேக் கணவாயைத் தாண்டியிருக்க முடியாது. பேச்சுவார்த்தை நடத்தியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஷிப்கி லா, மானா, நீதி, குங்ரி பிங்ரி, தார்மா, லிபுலேக் என்று ஆறு கணவாய்களைப் பெயர் சொல்லி எழுதியவர்கள், எல்லையோரக் குடிகளுக்கு அந்த ஆறிலிருந்தும் விலக்கு அளித்தார்கள். பழைய ஆட்டுத்தடம் எதுவோ அதிலேயே போகலாம். ராஜதந்திரிகள் எழுதிய காகிதங்களில் இவ்வளவு மண்வாசனை உள்ளவை அபூர்வம்.

ஆனால் அந்த விதியை இரண்டாம் முறை படித்தால் வேறு ஒன்றும் கண்ணில் படுகிறது. வழக்கப்படி, வழக்கப்படி என்று ஒப்பந்தம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எழுதாமல் இருந்தவரை அது வழக்கம். எழுதியதும் இரு அரசுகள் தந்த சலுகை. எல்லை வியாபாரத்தில் வழிவழியாக ஈடுபடுபவர் என்று அறியப்பட்டவர்களுக்கு இடமுண்டு என்கிறது. யாரால் அறியப்பட்டவர்? அதற்குப் பதில், சான்றிதழ் தருவது உள்ளூர் நிர்வாகம் என்பதில் இருக்கிறது. கல்லின் பாதியை வைத்திருக்கும் கூட்டாளிக்கு இனி அங்கே வேலையில்லை. விதியின் கடைசிப் பகுதியில், மேலே சொன்ன எதுவும் எப்படியிருந்தாலும் குறிப்பிட்ட எந்த நபரையும் நுழையவிடாமல் தடுக்க எந்த அரசுக்கும் அதிகாரம் உண்டு என்று ஒரு வரி வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாகக் கெடுவே இல்லாமல் இருந்த ஒன்றுக்கு முதல்முறையாகக் காலாவதித் தேதி குறிக்கப்பட்டது. கோவேறு கழுதைக்காரனின் சான்றிதழுக்கு அதிகபட்சம் ஒரு வருடக் கெடு. அந்தச் சான்றிதழைச் செல்லுபடியாக்கிய ஒப்பந்தத்துக்கு எட்டு வருடக் கெடு.

பிறகு நடந்தது வேகமாகவே நடந்தது. 1959-இல் லாசாவில் கிளர்ச்சி, தலாய் லாமா இந்தியா வந்தார், கணவாய்களில் கெடுபிடி கூடியது. 1960 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச அரசு எல்லையோரத்தைப் பிரித்து பித்தோராகர், சமோலி, உத்தரகாசி என்று மூன்று புதிய மாவட்டங்களை உண்டாக்கியது. அதுவரை அல்மோராவின் கோடியில் கிடந்த பள்ளத்தாக்குகளுக்கு அருகிலேயே ஆட்சியர் அலுவலகம் வந்தது. 1962 ஜூன் தொடக்கத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. போர் தொடங்கியது அக்டோபரில். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் குண்டு வெடிப்பதற்கு நான்கு மாதம் முன்பே பாதை காகிதத்தில் மூடப்பட்டுவிட்டது. அதே அக்டோபர் 24 அன்று இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படை உருவானது. வணிகம் செத்தது. நயின் சிங்கின் சொந்த ஊரான மிலம் கிட்டத்தட்ட ஆளொழிந்து, கூரையற்ற கல்வீடுகளின் ஊராயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இரண்டு பெரிய படைகள் எதிரும் புதிருமாக நிற்கும் மலையில் ஊர்ப் பெரியவர் சொன்ன சொல்லை நம்பி யாரையாவது விட முடியுமா? முடியாது, 1962-க்குப் பிறகு பாதையை மூடியதற்குப் போர் தகுந்த காரணமே. ஆனால் பாதை திறந்தபோது அது எடுத்துக்கொண்ட வடிவத்தைப் போரால் மட்டும் விளக்க முடியவில்லை. 1981-இல் யாத்திரை மீண்டும் தொடங்கியது, வெளியுறவு அமைச்சகத்தின் ஏற்பாட்டில், பாஸ்போர்ட் கட்டாயம். 1992-இல் லிபுலேக் வழியாக எல்லை வணிகம் தொடங்கியது. தார்ச்சுலாவில் கொடுக்கும் வணிக அனுமதிச் சீட்டோடு உள்ளூர் வியாபாரிகள் தக்லாகோட் சந்தைக்குப் போனார்கள். ஒரே கணவாய், ஒரே பருவம், ஒரே சாவடி. ஒருவர் கையில் டெல்லியின் காகிதம், இன்னொருவர் கையில் தார்ச்சுலாவின் காகிதம். பாதுகாப்பு மட்டுமே அளவுகோல் என்றால், வணிகனுக்கு உள்ளூர்ச் சீட்டு எப்படிப் போதும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1954-இல் யாத்திரிகன் வணிகனைவிடக் குறைவாகச் சோதிக்கப்பட்டவன், வணிகன் சான்றிதழ் காட்ட வேண்டியவன். 1992-க்குப் பின் அந்த வரிசை தலைகீழ். வணிகச் சீட்டைப் பழைய வழக்கத்தின் மறுபிறவி என்று சொல்பவர்களும் உண்டு. அதிகாரி கொடுத்தால் உண்டு, பட்டியலில் உள்ள சரக்குக்கு மட்டும் உண்டு, குறித்த சந்தையோடு சரி. இதை மறுபிறவி என்பதைவிட நினைவுச்சின்னம் என்பது பொருந்தும். எல்லை கீழ்நோக்கி இறங்கியும் வந்திருக்கிறது. கணவாய்க்கு வெகு முன்பே சியாலேக்கில் உள்கோட்டு அனுமதிச் சாவடி இருக்கிறது. வெளியூர் இந்தியர், இந்தியாவுக்குள்ளேயே, ஆதி கைலாசம் பார்க்கப் போனாலும் அங்கே சீட்டுக் காட்ட வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று உண்டு. ஊர் ஜாமீன் நிற்கும் முறையில் கொடுமை இல்லையா? இருந்தது. சரத் சந்திர தாஸ் 1881-82-இல் திபெத்தில் பயணம் செய்தபோது அவரை ஆதரித்த செங்சென் லாமா, தாஸ் ஆங்கிலேயருக்குத் தகவல் சேர்த்தவர் என்பது வெளிப்பட்ட பிறகு ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். கவாகுச்சி தப்பி வந்த பின் அவருக்கு உதவியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக அவர் நேபாளப் பிரதமர் வரை போய் மன்றாட வேண்டியிருந்தது. இன்னொருவனுக்காக வாய் திறந்தவன் உயிரைப் பணயம் வைத்தான். பாஸ்போர்ட்டில் அந்தப் பணயம் இல்லை. யாரையும் தெரியாத ஒருவருக்கும் அது வழி திறக்கிறது: யாத்திரிகரைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பெயர் வந்தால் திருநெல்வேலிக்காரரும் அல்மோராக்காரரும் சமம். 1998 ஆகஸ்டில் யாத்திரை வழியிலுள்ள மால்பாவில் மலை சரிந்து யாத்திரிகர்கள் உயிரிழந்தபோது, யார் யார் அங்கே இருந்தார்கள் என்று சொல்ல ஒரு பட்டியல் இருந்தது. பழைய காலத்தில் சாதுக்கள் சுவடில்லாமல் போவார்கள். இதையெல்லாம் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் பாஸ்போர்ட் தீயது என்பதல்ல. ஊரின் சாட்சிக்கும் அரசின் சாட்சிக்கும் நடுவே வேறு எதுவுமே சாத்தியமில்லை என்ற முடிவைத்தான் மறுக்கிறேன்.

நடுவழி ஒன்று ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்திருக்கிறது. போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் முதல் உலகப் போருக்குப் பின் தாத்ரா மலையில் யவோரினா என்ற ஊருக்காகச் சர்வதேச நீதிமன்றம் வரை போய்ச் சண்டையிட்டவை. அந்தத் தகராறு 1924-இல் தீர்ந்த கையோடு, 1925-இல் சுற்றுலா உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. அதன்படி மலையேற்றச் சங்கங்களின் உறுப்பினர் அட்டை, உரிய முத்திரையோடு இருந்தால், எல்லையின் இருபுறமும் குறித்த மலைப்பகுதியில் நடப்பதற்குப் போதும். போலந்துத் தாத்ரா சங்கம் 1873-லிருந்து இருந்து வந்தது. தன் உறுப்பினர் யார் என்று அதற்குத் தெரியும். சண்டை ஓய்ந்து அதிக காலம் ஆகாத எல்லையில், அரசு தன் சாட்சி சொல்லும் உரிமையில் ஒரு பங்கை ஒரு சங்கத்துக்குக் கொடுத்தது. பழங்குடிகளுக்கும் பின்தங்கிய மலைகளுக்கும் மட்டுமே இதெல்லாம் ஒத்துவரும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த உதாரணம் போதும். அந்த உடன்படிக்கையையும் அடுத்து வந்த போர் விழுங்கியது உண்மை. ஆனால் அதே எல்லையில் 2007 டிசம்பர் முதல் ஷெங்கன் ஏற்பாட்டின்படி வழக்கமான சோதனையே இல்லை.

லிபுலேக்கில் மூன்றாவது தரப்பு ஒன்றும் இருக்கிறது. 1816-இல் சுகௌலி உடன்படிக்கை காளி நதியை எல்லையாக்கியபோது பியான்ஸ் மக்கள் இரண்டு நாடுகளுக்குப் பங்கிடப்பட்டார்கள். சாங்ரு, திங்கர் கிராமங்கள் நேபாளத்தில், கர்பியாங்கும் குஞ்சியும் இந்தியாவில். மொழியும் குலமும் கொள்வினை கொடுப்பினையும் ஒன்று. 1950-ஆம் ஆண்டு இந்திய-நேபாள உடன்படிக்கைக்குப் பிறகும் இரு நாட்டாரும் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம். அதனால் தங்கள் பக்கத்தில் சரியான பாதை இல்லாத சாங்ரு, திங்கர் மக்கள் ஊர் போய்ச் சேர இந்தியப் பக்கத்துப் பாதையை நம்பியிருந்தார்கள். 2020-இல் பெருந்தொற்றுக்காக எல்லை மூடியபோது அந்த வழிக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம் லிபுலேக் வரை இந்தியா சாலையைத் திறக்க, காலாபானியையும் லிபுலேக்கையும் தன்னுடையவை என்று காட்டும் வரைபடத்தை நேபாளம் வெளியிட்டது. நதியின் எந்தக் கிளை காளி என்பதில் வழக்கு. அந்த வழக்கில் பியான்ஸ் கிராமங்களிடம் சாட்சி கேட்டவர் யாரும் இல்லை.

2020-இல் நின்ற கைலாய யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது: லிபுலேக் வழியாக 50 பேர் கொண்ட ஐந்து குழுக்கள், நாது லா கணவாய் வழியாகப் பத்துக் குழுக்கள். சாலை வந்துவிட்டதால் நடை வெகுவாகக் குறைந்திருக்கிறது, காகிதம் குறையவில்லை. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். வயது 18-லிருந்து 70-க்குள், உயரத்துக்கும் எடைக்குமான குறியீட்டெண் 25-க்குள் இருக்க வேண்டும்; டெல்லியில் மருத்துவச் சோதனை, மலையில் ஏறிய பின் மறுபடியும் ஒரு சோதனை. அவசரத்தில் ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் செலவுக்கு ஓர் உறுதிப்பத்திரம். இவற்றோடு இன்னொரு படிவமும் உண்டு: யாத்திரிகர் சீனப் பகுதியில் இறந்துவிட்டால் உடலை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம். கைலாயத்தின் அடியில் உயிர் போவதைப் பேறு என்று நம்பி ஒரு காலத்தில் எழுத்தறியாத கிழவர்களும் அந்தக் கணவாயை ஏறினார்கள். இப்போது அதற்கும் புறப்படும் முன் டெல்லியில் கையெழுத்துப் போட வேண்டும்.